டென்ஸும் ரொமாண்டிசிசமும் ஒரே பீரியடில் நடத்த முடியுமா?

கேள்வி:
பிளஸ் ஒன் ஆங்கிலம் எடுக்கிறேன். திங்கள் டென்ஸ், செவ்வாய் ரொமாண்டிசிசம் (இயற்கையையும் உணர்ச்சியையும் முன்னிறுத்திய இலக்கிய இயக்கம்) என்று ஓடுகிறது. டென்ஸில் தூங்குகிறார்கள், ரொமாண்டிசிசம் என்றால் காதல் பாட்டு என்று சிரிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நடத்தியவர்கள் உண்டா?

பதில் 1:
உண்டு டீச்சர். ரொமாண்டிக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையை எடுங்கள். ஏரிக்கரையில் பூக்களைப் பார்த்ததெல்லாம் பாஸ்ட் டென்ஸ். கடைசி ஸ்டான்ஸாவில் அந்தக் கதை சிம்பிள் பிரசன்டுக்கு மாறுகிறது: சும்மா படுத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பூக்கள் மனக்கண்ணில் வந்து போகின்றன. "ஏன் காலம் மாறியது?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அமைதியில் நினைத்துப் பார்க்கும் உணர்ச்சியிலிருந்துதான் கவிதை பிறக்கிறது என்று லிரிக்கல் பேலட்ஸ் கவிதைத் தொகுப்பின் 1800 முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கொள்கை முழுக்க இந்த டென்ஸ் மாற்றத்தில் இருக்கிறது.

பதில் 2:
அப்புறம் எஸ்ரா பவுண்டின் மெட்ரோ ரயில் நிலையக் கவிதை, 1913. இரண்டே வரி, வினைச்சொல்லே கிடையாது. ஒரு வினை சேர்த்து எழுதச் சொன்னேன். "சார், கெட்டுப்போச்சு" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். இமேஜிசத்துக்கு (ஒரு காட்சியைச் சுருக்கமாக, நேரடியாக வைக்கும் கவிதை இயக்கம்) நான் வேறு விளக்கம் தரவில்லை. (பரீட்சைக்கு நோட்ஸ் கேட்டார்கள், அது வேறு கதை.)

கேட்டவர்:
சரி சார், நாளை மூன்றாம் பீரியட் டாஃபடில்ஸ். அதில் ஒரு பாஸ்ட் பெர்ஃபெக்டும் ஒளிந்திருக்கிறது, இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை!