பாதியில நிக்கிற வீடும் அரசியலமைப்பும்: சட்டம் தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற எங்கட சின்னம்மாவின்ர வீட்டுத்திட்டம் லிண்டல் மட்டத்தோட (கதவு, யன்னலுக்கு மேல வாற கொங்கிறீற் வளை வரைக்கும்) நிக்குது. கம்பியெல்லாம் கறள். மிஞ்சின சீமெந்து பாக்கோடயே கல்லாய்ப் போச்சு. மனுசி இன்னும் தறப்பாளுக்குக் கீழதான். அதே பட்டியலில, அதே மட்டத்தில நிண்ட ரெண்டு வீட்டுக்கு மிச்சத் தவணை குடுத்திட்டினம். இவவுக்கு மட்டும் இல்லையெண்டு மூண்டு கிழமைக்கு முன்னம் கடிதம். காரணம் ஒரு வரிகூட இல்லை. கேட்கப்போனா, "இது அரசாங்கம் குடுக்கிற உதவி, உரிமை இல்லை" எண்டு ஒரு அலுவலர் சொன்னார்.

இலங்கை அரசியலமைப்பின்ர உறுப்புரை 27 இல போதிய உணவு, உடை, வீடு எல்லாம் அரசின்ர இலக்காய் எழுதிக்கிடக்கு. ரெண்டு உறுப்புரை தள்ளி 29 இல, அதை எந்த நீதிமன்றத்திலயும் வலியுறுத்தேலாது எண்டும் கிடக்கு. ஒரு கையால குடுத்து மறு கையால பறிச்ச மாதிரி. ஆனா 2000 ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில (அங்க பொஸ்பேற் தோண்டுற திட்டத்துக்கு எதிரா ஊர்ச்சனம் போட்டது) உயர் நீதிமன்றம் இந்த உறுப்புரையள் வாற ஆறாம் அத்தியாயத்தையும் 12(1) இல உள்ள சமத்துவ உரிமையையும் சேர்த்துத்தான் பார்த்தது. அப்பிடி 12(1) ஐப் பிடிச்சு வீட்டு விசயத்தில ஆரும் போயிருக்கிறியளோ?

அடிப்படை உரிமை வழக்குப் போட, உரிமை மீறல் நடந்ததில இருந்து ஒரு மாதம்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறையிட்டா, விசாரணை நடக்கிற காலம் அதில சேராதாம். முறைப்பாடு குடுத்த துண்டு மட்டும் காணுமோ, விசாரணை துவங்கினதையும் காட்டவேணுமோ? தகவல் அறியும் சட்டத்தில பட்டியலைக் கேட்டு எழுதின தமிழ்க் கடிதம் ஆரிட்டையும் இருந்தா பேர் விவரத்தை மறைச்சுப் போடுங்கோ. அவை மறுமொழி சொல்ல 14 வேலை நாள் இருக்கு, எங்களிட்ட ஒரு கிழமைதான்.