எஃப்ஐபி-4 ஸ்கோர் 0.00, பக்கத்தில் பச்சைப் பொட்டு: கல்லீரல் ஓபியில் டேட்டா படுத்தும் பாடு

ஓபி_எண்_7

எஃப்ஐபி-4 என்பது வயது, இரண்டு கல்லீரல் என்சைம் (எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி), பிளேட்லெட் இவற்றை வைத்து ஈரலில் தழும்பு எவ்வளவு என்று ஊகிக்கும் ஸ்கோர். நேரே விஷயம். வயது 52, சர்க்கரை உண்டு, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.6 லட்சம். கையால் போட்டால் மேலே வயது × எஸ்ஜிஓடி, 52 × 48 = 2496. கீழே பிளேட்லெட் ஆயிரக்கணக்கில், 160 × 8 (எஸ்ஜிபிடி 64-இன் வர்க்கமூலம்) = 1280. விடை 1.95. 1.3-க்கும் 2.67-க்கும் நடுவில், ஃபைப்ரோஸ்கேனுக்கு (ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) அனுப்ப வேண்டிய ஆள்.

கணினித் திரையில் வந்தது 0.00. பக்கத்தில் 'ஆபத்தில்லை' என்ற பச்சைப் பொட்டு.

லேப் 1,60,000 என்று அனுப்பியிருக்கிறது, ஃபார்முலாவுக்கு வேண்டியது 160. இதுவே 1.6 என்று வந்திருந்தால் ஸ்கோர் 195 ஆகியிருக்கும், எந்த ஹவுஸ் சர்ஜனும் சிரித்துவிட்டு லேபுக்கு போன் போட்டிருப்பார். 0.00-ஐப் பார்த்து யார் போன் போடுவார்? அந்தப் பச்சைப் பொட்டு இன்னும் உறுத்துகிறது.

தற்காலிக வைத்தியம்: பிளேட்லெட் எண் 10-க்குக் கீழே வந்தால் 100-ஆல் பெருக்கு, 5000-க்கு மேலே போனால் 1000-ஆல் வகு.

டெங்கு_சீசன்

அந்த வைத்தியம் நோயைவிட மோசம். மழைக்காலத்தில் பிளேட்லெட் 9,000-க்கு இறங்கி வருகிறவர்கள் உண்டு. மெஷின் அதை 9 என்று அனுப்பும், உங்கள் விதி அதை 9 லட்சம் ஆக்கிவிடும். எண்ணைப் பார்த்து அலகை ஊகிக்கவே கூடாது. லேப் ரிசல்ட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் ஹெச்எல்7 செய்தியில், ரிசல்ட்டுக்கான ஓபிஎக்ஸ் வரியின் 6-ஆவது கட்டம் அலகுக்கென்றே இருக்கிறது. அது காலியா? ஸ்கோர் காட்டாதே, 'கணக்கிட முடியவில்லை' என்று போடு.

இன்னொன்று. டெங்குவில் எஸ்ஜிஓடி ஏறும், பிளேட்லெட் விழும். இரண்டும் சேர்ந்து எஃப்ஐபி-4-ஐ வானத்துக்குத் தூக்கிவிடும், தழும்பே இல்லாத ஈரலுக்கும். காய்ச்சல் ஆறி எண்கள் பழைய நிலைக்கு வரும்வரை இந்த ஸ்கோரைத் தொடாதீர்கள்.

ஓபி_எண்_7

9 விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 6-ஆவது கட்டத்தை ஒழுங்காக நிரப்புகிற லேபைக் கொஞ்சம் காட்டுங்கள். பாதி காலி, மீதியில் வெறும் 'செல்ஸ்'.

மெல்ட்_கணக்கு

எஃப்ஐபி-4 பரவாயில்லை, தப்பினால் ஒரு ஸ்கேன் தள்ளிப்போகும். மெல்ட் (மாற்று ஈரலுக்கு யார் முன்னால் என்று வரிசைப்படுத்தும் ஸ்கோர்) தப்பினால் வரிசையே மாறும். 38 கிலோ பெண், வயிறு முழுக்க நீர். பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு) 6, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதம் என்ற அளவு) 1.9, கிரியாட்டினின் (சிறுநீரக அளவு) 0.7. வார்டு எக்செல் சொன்னது 17. சரியான விடை 20.

1-க்குக் கீழே எது வந்தாலும் 1 என்றுதான் எடுக்க வேண்டும். எக்செல் எழுதியவர் அதை விட்டுவிட்டார். 0.7-இன் இயல்மடக்கை மைனஸில் வரும், அதை 9.57-ஆல் பெருக்கினால் மூன்று புள்ளிக்கு மேல் கழிந்துவிடும். சதை கரைந்த உடம்பில் கிரியாட்டினின் எப்படியும் குறைவாகத்தான் நிற்கும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. லேப் அதை ஜாஃபே என்ற, நிறம் பார்த்து அளக்கும் முறையில் எடுத்தால், மஞ்சள் ஏறிய ரத்தத்தில் இன்னும் குறைத்துக் காட்டும். அதனால் அந்த 20-கூட அவருக்குக் குறைவுதான். மெல்ட்டின் திருத்திய வடிவமான மெல்ட் 3.0 பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டி, ஆல்புமினையும் (ரத்தப் புரதம்) சேர்த்தது இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். அமெரிக்காவின் ஈரல் ஒதுக்கீட்டில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நேர்மாறு, ஸ்கோர் கூடிவிடும்: ஐஎன்ஆர் ஏறியது மாத்திரையால், பழி ஈரல் மேல்.

சாயங்காலக்_கோடு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் டிஎம் ஹெபடாலஜி (ஈரல் மருத்துவ மேற்படிப்பு) முடித்துவிட்டு டேட்டா பக்கம் வர நினைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு மாடல் வந்தது, எந்த சிரோசிஸ் (ஈரல் சுருங்கிப்போன) நோயாளிக்கு என்செபலோபதி (ஈரல் கெட்டதால் வரும் மூளைக் குழப்பம்) வரும் என்று ஏறக்குறைய பிசகாமல் சொல்லும். உள்ளே பிரித்தால், அது பார்த்தது லாக்டுலோஸ் (அந்தக் குழப்பத்துக்குக் கொடுக்கும் மருந்து) எழுதியிருக்கிறதா என்பதை மட்டும். டாக்டர் கண்டுபிடித்து மருந்து எழுதிய பிறகு மாடல் 'கணிக்கிறது'. புரோகிராம் கோடு மட்டும் தெரிந்தவருக்கு இது பிடிபடாது, ரவுண்ட்ஸ் போகிறவருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும். இரண்டு வேலையும் தெரிந்த ஆள் தேவைப்படுவது இதற்காகத்தான்.

இணையத்தில் கிடைக்கும் ஆந்திராவில் எடுத்த, 583 பேரின் ஈரல் டேட்டா ஃபைலில் ஆரம்பிக்காதீர்கள். 416 பேர் நோயாளிகள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் 'நோயாளி' என்றாலே 71 சதவீதம் சரியாக வரும். பெண்கள் 142 பேர்தான். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, பெயரும் ஓபி எண்ணும் நீக்கி, உங்கள் வார்டு டிஸ்சார்ஜ் சம்மரி 200 எடுங்கள். முதல் மாதம் மாடல் வேண்டாம், கையால் படியுங்கள். 'அசைட்டிஸ் (வயிற்றில் நீர்) இல்லை' என்ற வரியை அசைட்டிஸ் என்று எண்ணும் ஸ்கிரிப்ட் எத்தனை என்று அப்போது தெரியும். ஒரே ஆள் ஐந்து முறை அட்மிட் ஆகியிருப்பார். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஆளாகப் பிரியுங்கள், அட்மிஷனாகப் பிரித்தால் அவர் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார். மாற்று ஈரல் கிடைத்தவரை 'பின்தொடர்தல் முடிந்தது' என்று சாதாரணமாக மூடாதீர்கள். அவர் பட்டியலில் மோசமாக இருந்ததால்தான் ஈரல் கிடைத்தது, மரணத்துக்கு முன்னால் குறுக்கே வந்த 'போட்டி நிகழ்வாக' எடுங்கள். ஐஎன்ஆர் கட்டம் காலியென்றால் சராசரி போட்டு நிரப்பாதீர்கள், டாக்டருக்குக் கவலை இல்லாததால் எடுக்காமல் விட்டிருப்பார், அதுவே ஒரு தகவல்.

டெங்கு_சீசன்

ஓபி_எண்_7-க்கு: லேப் திருந்தும்வரை ஒரு தடுப்பு. 20 வயது, எஸ்ஜிஓடி 15, எஸ்ஜிபிடி 25, பிளேட்லெட் 4 லட்சம் என்று போட்டாலே 0.15 வருகிறது. பெரியவர்களுக்கு 0.1-க்குக் கீழே எது வந்தாலும் பொட்டைச் சிவப்பாக்கி லேபுக்குத் திருப்பிவிடுங்கள்.