டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்: ‘கதை’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

ரொறன்ரோவில் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆப்பிரிக்வில் பற்றிய பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கரையில் நூறாண்டுக்கு மேல் இருந்த கறுப்பினக் குடியிருப்பு அது. வரி வாங்கிய நகராட்சி குழாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. 1960களில் வீடுகளை இடித்து, சாமான்களைக் குப்பை லாரியில் ஏற்றியது. 1967இல் தேவாலயத்தை இரவோடு இரவாக இடித்தார்கள்.

இப்படி இழந்த ஊரை, வாழ்ந்தவரே தம் குரலில், வீட்டுப் படங்களோடு இரண்டு மூன்று நிமிடப் பதிவாகச் சொல்வதற்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங். எண்ணிமம் என்றால் டிஜிட்டல் என்பதால், ‘எண்ணிமக் கதைசொல்லல்’ என்று வகுப்பில் சொன்னேன். “அப்ப இது உண்மையில்லையா மிஸ்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

வா.

---

கதை வடசொல், விடுங்கள். ‘எண்ணிம நினைவுரை’ என்க. சிலம்பே ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’தானே? உரைகல்லில் பொன்னை உரைத்து மாற்று அறிகிறோம். சொல்லும் அப்படித்தான்: உரசிப் பார்த்தும் நிற்பதே உரை.

செ.

---

ஐயா, உரைகல்லின் உரை தேய்த்தல், அது வேறு. தொல்காப்பியர் உரைவகை நான்கு என்னும்போது ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’யையும் அதில்தான் சேர்க்கிறார். உரை என்பதாலேயே உண்மை ஆகிவிடாது. நினைவுரை என்றால் இரங்கல் கூட்டம்தான் ஞாபகம் வரும். ஆப்பிரிக்வில்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் அங்கே கூடுகிறார்கள், தங்கள் வீடு இருந்த இடத்திலேயே கூடாரம் போடுகிறார்கள். அவர்களுக்கு இரங்கல் சொல்லா?

‘தன்குரல் கதை’ போதும். எண்ணிமம் எதற்கு? இன்று எந்தப் பதிவு எண்ணிமம் இல்லை?

ம.

---

யாழ்ப்பாணத்தில் கதைக்கிறது என்றால் பேசுகிறதுதான். அம்மம்மா இடம்பெயர்ந்த கதையைச் சொன்னால் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ. எனக்கும் ‘தன்குரல் கதை’ சரி.

ப.

---

நன்றி. ‘தன்குரல் கதை’ என்றே அனுப்பிவிட்டேன். அடைப்புக்குள் டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் என்றும் போட்டிருக்கிறேன்.

வா.

---

எனக்கு உடன்பாடில்லை. 2010இல் ஹாலிஃபாக்ஸ் மேயர் மன்னிப்புக் கேட்டது நடந்த ஒன்றுக்காக. நடந்ததைக் கதை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த பதிப்பிலாவது ‘தன்குரல் உரை’ என்று மாற்றுங்கள், அம்மா.

செ.