கலைச்சொல் தேவை: அணங்கரசர் மனிதருக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கும் விதி

தருமபுரியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஆங்கில மிகுபுனைவு நாவல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அடுத்த அத்தியாயம் போயாக வேண்டும். மேலைநாட்டுக் கதைகளில் வரும் ஃபேரி என்னும் மாயக் குலத்து அரசர்களை 'அணங்கரசர்' என்று வைத்திருக்கிறேன். பெரிய வல்லமை உடையவர்கள், ஆனால் மனிதரை நினைத்தபடி கொல்ல முடியாது. அந்த மனிதன் தானே முன்வந்து ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் வைத்த உணவை உண்டிருக்க வேண்டும், அல்லது விருந்தாக வந்த இடத்தில் முறை தவறியிருக்க வேண்டும். அப்போதுதான் கை வைக்கலாம். அவர்களால் பொய்யும் சொல்ல முடியாது. அதனால் உண்மையையே வளைத்துப் பேசி அவனை உள்ளே இழுக்கிறார்கள். இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும். 'தீங்குவரம்பு' என்று எழுதிப் பார்த்தேன், அரசாணை மாதிரி இருக்கிறது.

ஓசூரிலிருந்து:

அம்மா, 'தீண்டாநெறி' சரியாக வருமா? மனிதரைத் தீண்டாத நெறி.

தருமபுரியிலிருந்து:

வேண்டாம் தம்பி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் ஊரில் எவருக்கும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். அந்தக் காயத்தின் மேல் ஒரு கற்பனைக் கதையை ஏற்ற எனக்கு மனமில்லை.

அரூரிலிருந்து:

அம்மையீர், இந்தக் கருத்து நமக்குப் புதிதே இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதத்தை எடுத்துப் பாருங்கள். பொய்த்தவத்தார், பிறர்மனை நயப்போர், பொய்க்கரியாளர், புறங்கூற்றாளர் என்று தன் பாசக்கயிற்றில் சிக்குவோர் யார் யார் என்பதை நான்கு காதம் கேட்கும்படி அதுவே கூவி அறிவித்துவிடுகிறது. அறிவித்த பின்தான் புடைத்துண்ணும். அடைக்கலக் காதையில் இன்னும் தெளிவு. பத்தினி ஒருத்திமேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் கட்டிவிட்டது. அவன் தாய் அலறுகிறாள். கோவலன் அந்தக் கயிற்றுக்குள் தானே புகுந்து, என் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தா என்கிறான். பூதம் மறுக்கிறது:

"நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு
பரகதி இழக்கும் பண்பீங் கில்லை"

கீழோன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரைக் கொண்டு மேற்கதியை இழக்கும் பண்பு இங்கில்லை என்கிறது. வலிய வந்து கொடுத்த உயிரைக்கூட அதனால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் இழப்பு பூதத்துக்குத்தான். உங்கள் அணங்கரசர் நிலை இதுவே அல்லவா? ஆகவே நான் முன்வைப்பது 'பூட்கை'. புறநானூறு 9இல் நெட்டிமையார், ஆவும் பார்ப்பாரும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேருங்கள் என்று அறிவித்துவிட்டே அம்பு விடும் பாண்டியன் பெருவழுதியை 'அறத்தாறு நுவலும் பூட்கை' உடையவன் என்கிறார். பூண் என்பதன் அடியாகப் பிறந்தது. தானே பூண்டுகொண்ட கொள்கை.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். பூட்கை என்றால் பூட்டு, சாவி என்றுதான் நினைப்பார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். அவர்களுக்கும் எட்டும் சொல் 'கட்டு'. நமக்குக் கட்டுப்பாடு, தெலுங்கில் கட்டுபாட்டு, கன்னடத்தில் கட்டுபாடு. எல்லை கட்டுவது, வாய் கட்டுவது எல்லாம் ஊரில் இன்றும் புழங்குகிறது. 'அணங்குக்கட்டு' என்று வையுங்கள்.

அரூரிலிருந்து:

அணங்கு கட்டியதா, அணங்கைக் கட்டியதா? தொகையில் இரண்டுமே வரும். மேலும், கட்டு என்றாலே கட்டியவன் ஒருவன் வெளியே நிற்கிறான், மந்திரவாதியோ பூசாரியோ. பூதத்தை யார் கட்டினார்? 'பண்பு ஈங்கு இல்லை' என்று அதுவே சொல்கிறது.

பென்னாகரத்திலிருந்து:

பழிவாங்க வந்த பேயான பழையனூர் நீலியின் கதையில் அப்படி இல்லையே ஐயா. வணிகன் கையில் மந்திரித்த கத்தி இருந்தவரை நீலியால் அவனை நெருங்க முடியவில்லை. மனைவி வேடத்தில் வந்து, வேளாளர் எழுபது பேர் பிணை நின்ற பிறகு, அவர்கள் வாயாலேயே கத்தியை வாங்க வைத்துக் கொன்றாள். ஃபேரிகளுக்கும் இரும்பு ஆகாது என்பதுதான் மேலைநாட்டு மரபு. வெளியிலிருந்து வரும் தடை, உள்ளே ஊறிய தடை இரண்டும் உண்டு. நீலி செய்ததுதான் அணங்கரசர் செய்வதும்: விதியை மீறவில்லை, விதிக்குள் வழி தேடினாள்.

ஓசூரிலிருந்து:

சத்தியக்கட்டு?

அரூரிலிருந்து:

சத்தியம் வடசொல். வாய்மை என்று ஒரு சொல் இருக்கும்போது எதற்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து:

தொல்காப்பியரே வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை நீக்கி, வந்த வடசொல்லை ஏற்கிறார். இங்கே வேடியப்பன் கோயில் நடுகல்லின் முன் கற்பூரம் அணைத்து 'சத்தியம்' என்றுதான் சொல்கிறார்கள், 'வாய்மை' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது கிடக்கட்டும், சாவுக்கு உட்பட்டவர் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வரும் 'மார்ட்டல்' என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் அம்மா?

தருமபுரியிலிருந்து:

மானுடர் என்றுதான். 'சாதல் நீங்க எமக்கீத் தனையே' என்று ஔவை நம் தகடூர் அதியமானைப் பாடியதை நினைத்துச் 'சாதலர்' என்றும் எழுதிப் பார்த்தேன். காதலர் என்பதன் அச்சுப்பிழை போல் இருந்தது, விட்டுவிட்டேன்.

கட்டுக்கே வருகிறேன். டாம் லின் என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில், அணங்கரசி தான் கவர்ந்து வைத்த இளைஞனை ஜேனட் என்பவள் குதிரையிலிருந்து இழுத்து, அவன் பாம்பாகவும் பிறவாகவும் மாறி மாறித் துடித்தபோதும் விடாமல் பிடித்து மீட்கிறாள். அரசிக்குக் கொதிக்கிறது. ஆனாலும் சபித்துப் பேசுவதோடு சரி, அவர்களைத் தொடவில்லை. இந்த இடத்தை எழுத எனக்கு வினை வேண்டும். கட்டு அவிழும், கட்டு அறும், கட்டுக்குள் நிற்கும், கட்டை மீறும். பூட்கையோடு எந்த வினையைச் சேர்ப்பேன்?

அரூரிலிருந்து:

பூட்கை தவறினான், பூட்கை துறந்தான். ஏன் முடியாது?

பென்னாகரத்திலிருந்து:

முடியும் ஐயா, ஆனால் 'பூட்கை அவிழ்ந்தது' வராது. கதை நடப்பதே அந்த அவிழும் இடத்தில்தான். என் வாக்கு அணங்குக்கட்டுக்கு.

ஓசூரிலிருந்து:

எனக்கும் அதுவே.

தருமபுரியிலிருந்து:

அப்படியே அனுப்புகிறேன். அரூர் ஐயா மன்னிக்க வேண்டும். அரசி தன் குலத்தாரிடம் பேசும் இடத்தில் மட்டும் 'எம் பூட்கை' என்று போட்டிருக்கிறேன். அவர்கள் பார்வையில் அது தாமே பூண்டதுதான்.

அரூரிலிருந்து:

அந்த ஓர் இடம் சரி. மற்ற இடங்களில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அணங்கு கட்டியதா, அணங்கைக் கட்டியதா என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.