கரையில்லாத பாய்

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளைப் படமெடுக்க எங்கே போகலாம் என்ற கேள்விக்குக் கோலம், கோயில் தூண் எல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது. என் பங்குக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பாய் நெசவு ஊரான பத்தமடை.

கோரைப்பாய் நெசவை எடுப்பதென்றால் காலையில் போங்கள். வாசல் வழியாகச் சாய்வாக வரும் வெயிலில்தான் ஒவ்வொரு கோரையும் தன் நிழலோடு தனி வரியாக எழுந்து நிற்கும். ஃபிளாஷ் போட்டால் அவ்வளவும் தட்டை. நான் போன வீட்டில் தரையோடு கட்டிய தறியில் இரண்டு பேர்: ஒருவர் குச்சியால் கோரையைப் பாவுக்குள் (நீளவாக்கில் கட்டிய நூல்களுக்குள்) செலுத்த, மற்றவர் அதை நெருக்கும் அச்சுக்கட்டையை இழுத்து அடித்தார். நான் பாயின் நடுப்பகுதியை மட்டும் ஃப்ரேம் முழுக்க நிரப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். திரையை எட்டிப் பார்த்த அக்கா, “கரையை விட்டுட்டு எடுக்கீயளே தம்பி, இது எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?” என்றார். முடிவு தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி எடுத்தேன். ஆனாலும் சிவப்புக் கரை ஓரமாக வந்த படத்தில்தான் கண் ஓடிப்போய் ஒரு இடத்தில் நிற்கிறது. மற்றது வால்பேப்பர், அவ்வளவுதான்.

திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலமும் இதே கணக்குதான். 1843-இல் கட்டி முடித்த பாலம், 11 வளைவுகள். ஆற்றுக்குள் நேர் எதிரே நின்றால் எல்லாம் ஒரே அளவு, வெறும் வரிசை. கரையோரமாக ஒதுங்கிச் சாய்வாகப் பாருங்கள், வளைவுகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். தாளம் அங்கேதான் பிடிக்கும். ஏதாவது ஒரு வளைவுக்கடியில் துணி துவைக்கிற ஆள் கிடைத்தால் யோகம்.

அப்புறம் காற்றாலைக் காத்தாடி. பணகுடி, ராதாபுரம் பக்கம் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மாதங்களில் எல்லாக் காத்தாடியும் மேற்கே முகம் திருப்பி நிற்கும். திசை ஒன்று, ஆனால் இறக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்து எடுத்தால் செத்துப்போனதுபோல் நிற்கும். பெரிய காத்தாடி ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நொடி எடுத்துக்கொள்ளும். எனவே அரை நொடி வைத்தால் எட்டில் ஒரு பங்கு சுற்று படத்தில் பதியும், கோபுரமோ அசையாது. பகலென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். டிரைபாடில் கல்லையோ பையையோ கட்டித் தொங்கவிடுங்கள், அந்தக் காற்று சும்மா விடாது. லென்ஸ் மாற்றும் வேலையைக் காருக்குள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது, மண் அடிக்கும்.