பழைய ஸ்டீரியோ ரிசீவரில் இடது பக்க ஒலி நின்று நின்று வருகிறது: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கும்பகோணத்து நேயர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1979ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது வாங்கி வந்த ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளி நிற முகப்பும் மரப் பெட்டியும் கொண்ட, ஒரு பக்கத்துக்கு 40 வாட் தரும் செட். அப்பா இருந்தவரை காலைச் செய்தியை அதில்தான் கேட்பார். அவர் மறைந்தபின் ஆறு ஆண்டுகள் அலமாரியிலேயே கிடந்ததைச் சென்ற மாதம் துடைத்து எடுத்து மீண்டும் இயக்கினேன்.

இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் இடது பக்க ஒலி கரகரத்து, மெலிந்து, பிறகு அடியோடு நின்றுவிடுகிறது. வால்யூமை ஒருமுறை சட்டென்று கூட்டிக் குறைத்தால் எதுவுமே நடக்காததுபோலத் தெளிவாகத் திரும்பி வந்துவிடுகிறது. அடுத்ததாக, சுவிட்ச் போட்ட சில நொடிகளில் உள்ளே ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) 'டிக்' என்று சேரும் ஓசை சில நாட்களில் கேட்பதே இல்லை. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் ஊமை. ஆனால் ஸ்டேஷன் அளவுகோலின் விளக்கு எரிகிறது, சிக்னல் மீட்டரின் முள்ளும் அசைகிறது.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தபோது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன என்றும், உள்ளிருக்கும் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரெடிமேட் ஆம்பிளிஃபயர் போர்டு ஒன்றைப் பொருத்தித் தருவதாகவும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பி எடுத்து வந்துவிட்டேன். எனக்குச் சால்டர் வைக்கத் தெரியும், டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது, ஆசிலோஸ்கோப் இல்லை. எங்கள் தெருவில் இரவு நேரங்களில் மின்னழுத்தம் 245 வோல்ட் வரை ஏறுகிறது. செட்டின் பின்புற வோல்டேஜ் செலக்டர் 220இல் இருக்கிறது. எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மெக்கானிக், திருச்சி:

தம்பிக்கு வணக்கம். செட்டைத் திருப்பி எடுத்து வந்தது நல்ல காரியம். அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். அப்படியானால் ஃபியூஸ் எரியும், இல்லையென்றால் ரிலே ஒருநாளும் சேராது. வால்யூமைக் கூட்டியதும் திரும்பி வருகிற ஒலி அந்த நோயின் அறிகுறியே அல்ல. சிக்னல் போகும் வழியில் எங்கோ ஒரு தொடுமுனையில் கறுப்புப் படிந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். மெல்லிய சிக்னலால் அந்தப் படிவத்தைத் தாண்ட முடியாது. சத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் அதை உடைத்துக்கொண்டு பாய்வதால் சிறிது நேரம் வழி திறந்திருக்கிறது. ரிலேயின் முனைகள், ஸ்பீக்கர் ஏ-பி சுவிட்ச், டேப் மானிட்டர் சுவிட்ச் ஆகிய மூன்றும்தான் இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை.

எதையும் தொடுமுன் செலக்டரை 240க்கு மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். 220இல் வைத்து 245 வோல்ட் கொடுத்தால் உள்ளே எல்லா வோல்டேஜும் பத்து சதவீதத்துக்கும் மேல் ஏறிவிடும். நாற்பத்தைந்து வயதான கெப்பாசிட்டர்களுக்கு அது பெரிய பாரம்.

பிறகு சீரிஸ் போர்டு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். இழை உள்ள பழைய 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. அதன் வழியாகச் செட்டுக்கு மின்சாரம் கொடுத்தால், சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கிச் செந்நிறமாகிவிட வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்பு வழியாக வோல்டேஜ் குறைந்தே வருவதால் ரிலே சேராமல் போகலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்து, செலவில்லாத சோதனை ஒன்று. பின்புறத்தில் பிரீ-அவுட் (முன்பகுதியின் வெளியீடு), மெயின்-இன் (பவர் ஆம்ப்பின் உள்ளீடு) என்று எழுதிய முனைகள் U வடிவக் கம்பிகளால் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றைக் கழற்றி, இடது பிரீ-அவுட்டை வலது மெயின்-இன்னுக்கும், வலதை இடதுக்குமாகக் கேபிளால் மாற்றி இணையுங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்கு மாறிவிட்டால் குறை முன்பகுதியில் இருக்கிறது. இடது ஸ்பீக்கரிலேயே நின்றால் பவர் ஆம்ப்பிலோ ரிலேயிலோ இருக்கிறது. செட்டை அணைத்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். நல்ல ஸ்பீக்கரை இப்போது மாட்டாதீர்கள். போனாலும் வருத்தமில்லாத பழைய ஸ்பீக்கர் போதும்.

ரிலே சேராதது தனிக் கதை. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் டிசி (நேர்மின்னோட்ட) வோல்டேஜ் வந்துவிட்டால் ஸ்பீக்கரைக் காப்பதற்காகத்தான் ரிலே சேராமல் நிற்கிறது. ஆகவே ரிலேக்கு முன்னால், இடம் வலம் இரண்டிலும் டிசி எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப் போட்டுச் சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்து அளக்க வேண்டும். நல்ல டிரான்சிஸ்டர்கள் பல, முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டதால் செத்தவை. இரண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

பழைய செட் சேகரிப்பாளர், சென்னை:

ஐயா சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். ரிலே குறித்து மட்டும் சில சொற்கள். முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விட்டால் ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகக் கறுக்கும். வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே கொடுத்து மெதுவாக இழுத்தால் தாளில் கருங்கோடு விழும். அந்தக் கோடு வந்து, ஒலியும் சீரானால், நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் அது பரிசோதனைதான். நிரந்தரத் தீர்வுக்குப் புது ரிலே மாற்றுவதே நல்லது. ரிலேயின் கம்பிச்சுருளான காயில் 24 வோல்ட் என்று பார்த்து மட்டும் வாங்கிவிடாமல், பழைய காயிலின் ஓம் அளவையும் அளந்து அதற்கு நெருக்கமானதைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் தேடுங்கள். பல செட்டுகளில் காயிலோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் இருக்கும். காயிலின் அளவு மாறினால் வோல்டேஜ் பங்கீடும் மாறிவிடும்.

டிரான்சிஸ்டர் மாற்ற நேர்ந்தால் கால்களின் வரிசையைக் கவனியுங்கள். அக்காலத்து ஜப்பானிய சிறு டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் எமிட்டர், கலெக்டர், பேஸ் என்ற வரிசையில் இருக்கும். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும் இருக்கும். கேஎஸ்சி1845 பழைய வரிசையிலேயே வருவதாலும் இரைச்சல் குறைவென்பதாலும் பலரும் அதையே போடுகிறார்கள். பழைய எண் அச்சிட்டுப் புதிதாகக் கிடைக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போலிகள் மிகுதி. அவற்றை மாற்றத் தேவையில்லை என்றால் தொடவே வேண்டாம்.

எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரே நாளில் மாற்றிவிடும் ஆசையை நான் ஏற்பதில்லை. ஒன்றை மாற்றி, இயக்கிக் கேட்டு, பிறகு அடுத்ததற்குப் போனால்தான் எங்கே தவறு செய்தோம் என்று தெரியும். ஹம் என்ற ரீங்காரம் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால் 100 ஹெர்ட்ஸில் வரும்; எர்த் அல்லது இன்புட் கேபிள் குறை என்றால் அடர்ந்த 50 ஹெர்ட்ஸில் வரும். உங்கள் செட்டில் ஹம் என்ற பேச்சே இல்லை, எனவே அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களை இப்போது விட்டுவிடலாம்.

உங்கள் 40 வாட்டைக் குறைவென்று எண்ண வேண்டாம். 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவந்த பிறகு, அங்கே விற்பதற்கு வாட் அளவை நினைத்தபடி எழுத முடியாமல் போனது. மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும் என்று அந்த விதி சொன்னது. அதைத் தாங்குவதற்காகத்தான் அக்காலத்து ரிசீவர்களில் அவ்வளவு கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் இருக்கின்றன. ரெடிமேட் போர்டு போட்டிருந்தால் அந்தக் கனமெல்லாம் வீணாகியிருக்கும்.

கும்பகோணத்து நேயர்:

இருவருக்கும் நன்றி. ஞாயிறு முழுவதும் இதிலேயே கழிந்தது.

செலக்டர் 240க்கு மாறியது. பல்பு நீங்கள் சொன்னபடியே ஒரு கணம் எரிந்து செந்நிறமாக அடங்கியது. கேபிளை மாற்றி இணைத்தபோது கோளாறு இடது ஸ்பீக்கரிலேயே நின்றது. ரிலேயில் தாளை இழுத்தேன். பென்சிலால் கீறியதுபோல இரண்டு கருங்கோடுகள் விழுந்தன. அதன்பின் எவ்வளவு குறைத்து வைத்தாலும் இடது பக்கம் நிற்கவில்லை.

ரிலேக்கு முன்னால் டிசி அளந்தபோது வலது பக்கம் 14 மில்லிவோல்ட். இடது பக்கம் 900 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி 2 வோல்ட்டைத் தாண்டியது. சற்று நேரத்தில் தானாக இறங்கியது. டிரைவர் போர்டைத் திருப்பிப் பார்த்தால், கெப்பாசிட்டர்களின் அடியில் கரும்பழுப்பாக, காய்ந்த வெல்லப்பாகு போல ஏதோ படிந்திருக்கிறது. அதன் நடுவே நிற்கும் ஒரு ரெசிஸ்டரின் கால் பச்சை பூத்திருந்தது; இடுக்கியால் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. இது கெப்பாசிட்டர் கசிந்ததா?

ஓய்வுபெற்ற மெக்கானிக், திருச்சி:

கசிவு அல்ல தம்பி, அது பசை. கெப்பாசிட்டர்கள் அதிர்ந்து ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் மஞ்சள் நிறத்தில் வைத்த பசை, பல ஆண்டுச் சூட்டில் பழுப்பாகி, செம்பை அரிக்கவும் தொடங்கும், சிறிது மின்சாரத்தைக் கடத்தவும் தொடங்கும். உங்கள் டிசி நிலையில்லாமல் ஏறி இறங்குவதற்கு அதுவே காரணமாகலாம். மரக்குச்சியைச் சீவி, ஆல்கஹாலில் ஊறவைத்துப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம், போர்டின் செம்புத்தடம் கிழிந்துவிடும். பசை தொட்ட ரெசிஸ்டர், டையோடு எல்லாவற்றின் கால்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அரித்ததை மாற்றிவிடுங்கள். வலது பக்கப் போர்டு நன்றாக இருந்தாலும் அங்கும் அதே பசை இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் டிசி அலைந்தால்தான் சிக்னலை முதலில் வாங்கும் இன்புட் இரட்டை டிரான்சிஸ்டர்களை மாற்ற வேண்டும். மாற்றும்போது கெயின் ஒத்த இரண்டாகத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

கும்பகோணத்து நேயர்:

பசையை எடுக்க மூன்று மாலைகள் ஆயின. இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரு டையோடும் மாற்றினேன். டிரான்சிஸ்டர் எதையும் தொடவில்லை. இடது பக்க டிசி இப்போது 18 மில்லிவோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. பத்து முறை அணைத்துப் போட்டேன், பத்து முறையும் 'டிக்' கேட்டது. புது ரிலேயும் போட்டாயிற்று. பயாஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம்) அமைக்கும் பிரீசெட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டுமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக், திருச்சி:

மகிழ்ச்சி தம்பி. பிரீசெட்டைத் திருப்புமுன் அளந்து பாருங்கள். வால்யூமை முழுவதும் குறைத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் செட் சூடானபின், அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். ரெசிஸ்டர் 0.47 ஓம், சர்வீஸ் மேனுவல் 25 மில்லியாம்பியர் என்று சொன்னால், மீட்டர் ஏறத்தாழ 12 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அதற்கு அருகில் இருந்தால் திறந்த வகைப் பழைய பிரீசெட்டைச் சீண்டாதீர்கள்; பல சர்க்யூட்களில் அதன் தொடுமுனை ஒரு நொடி விட்டுவிட்டாலே மின்னோட்டம் உச்சிக்கு ஏறி, இத்தனை நாள் பிழைத்திருந்த அவுட்புட் டிரான்சிஸ்டர் அப்போதே போய்விடும். அளவு தவறாக இருந்தால், செட்டை அணைத்துப் புது மல்டி-டர்ன் பிரீசெட் மாற்றி, பயாஸ் மிகக் குறைவாக வரும் பக்கத்தில் வைத்து இயக்கி, மெல்லக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மரப் பெட்டியை மூடி ஒரு மணி நேரம் பாடவிட்ட பிறகு இன்னொரு முறை அளந்து, இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.