ரிசல்ட் வர இன்னும் 12 நாள்: ஆராய்ச்சிப் பக்கம் போகலாமா?

மதி_07 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடிச்சுட்டேன். ரிசல்ட்டுக்கு இன்னும் 12 நாள் இருக்கு. கணக்குக் கேள்வித்தாளை மடிச்சு நோட்டுக்குள்ள வச்சிருக்கேன். தினமும் சாயங்காலம் அதை எடுத்து, எந்தக் கேள்விக்கு எவ்வளவு கிடைக்கும்னு ஓரத்துல பென்சிலால போட்டுக் கூட்டிப் பார்க்கறேன். முந்தாநாள் 91 வந்தது. நேத்து 86. இன்னிக்கு 88. எழுதின விடை அப்படியேதான் இருக்கு, கூட்டுத்தொகை மட்டும் நாளுக்கு ஒண்ணா வருது.

எனக்குக் கணிதம் படிக்கணும். பட்டம், முதுகலை, அப்புறம் பிஎச்.டி., அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியும் பாடம் நடத்துறதும். அப்பா "முதல்ல மார்க் வரட்டும், அப்புறம் பேசலாம்"னு சொல்றார். சொந்தக்கார அண்ணா ஒருத்தர், "அந்தப் பக்கமே போகாதே, நாப்பது வயசு வரைக்கும் நிரந்தர வேலை கிடைக்காது"ங்கறார். இதுல யார் சொல்றது சரி? மார்க் குறைஞ்சா ஆசையை விட்டுடணுமா?

வெளியேறியவன் எழுதியது:

தங்கச்சி, உங்க அண்ணன் சொன்னதை நான் வழிமொழியறேன். அந்தப் பாதையில 11 வருஷம் இருந்தவன் நான். இயற்பியல்ல பிஎச்.டி. 5 வருஷம். அப்புறம் மூணு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை), மூணு ஊர், ஒவ்வொண்ணும் ரெண்டு வருஷ ஒப்பந்தம். ரெண்டு வருஷம்னு பேரே தவிர, கடைசி எட்டு மாசம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதறதுலயே போயிடும். மூணாவது ஊர்ல ஒரு புத்தகப் பெட்டியை நான் பிரிக்கவே இல்ல. முதல் ஊர்ல ஒட்டின டேப் அப்படியே இருந்தது. எப்படியும் மறுபடி தூக்கத்தானே போறோம்னு விட்டுட்டேன்.

பிரிட்டன்ல ராயல் சொசைட்டிங்கற அறிவியல் சங்கம் 2010-ல ஒரு அறிக்கை வெளியிட்டது. அறிவியல்ல பிஎச்.டி. முடிக்கறவங்கள்ல பல்கலைக்கழகத்துல நிரந்தர ஆராய்ச்சிப் பணிக்குப் போறவங்க சுமார் 3.5 சதவீதம். பேராசிரியர் ஆகறவங்க 0.45 சதவீதம். இருநூறு பேர் ஓட்டத்துல நின்னா ஒருத்தர் கோட்டைத் தொடறார்.

ஜெர்மனியில 2007-ல வந்த சட்டப்படி, ஆராய்ச்சியாளர்களை பிஎச்.டி. முடிக்கறதுக்கு முன்னாடி 6 வருஷம், பின்னாடி 6 வருஷம் வரைக்கும் தற்காலிக ஒப்பந்தத்துல வச்சுக்கலாம் (மருத்துவத்துல மட்டும் பின்னாடி 9). யாரையும் காலம் முழுக்கத் தற்காலிகமா வச்சிருக்கக் கூடாதுன்னு போட்ட கெடு. ஆனா கெடு முடிஞ்சதும் நிறைய பேருக்கு நிரந்தரப் பணி கிடைக்கல, வெளிய போற வழிதான் கிடைச்சது. அந்தச் சட்டத்தை விளக்க அரசு போட்ட காணொளியில ஹன்னாங்கற கற்பனை ஆராய்ச்சியாளர் வருவாங்க. 2021-ல "நான்தான் ஹன்னா"ன்னு ஆயிரக்கணக்கான பேர் தங்கள் கதையை எழுதினாங்க. அதையெல்லாம் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சேன். பாதிக்கு மேல என் கதை.

உனக்குக் கணக்குல ஆசை இருந்தா வேலை கிடைக்கற படிப்பா எடு. கணக்கை ஓய்வு நேரத்துல வச்சுக்கோ.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

வெளியேறியவன் தந்த எண்கள் சரி. அவற்றை அவர் படிக்கும் விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அதே அறிக்கையில் 17 சதவீதம் பேர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆராய்ச்சி செய்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பிஎச்.டி. முடித்ததுமே அறிவியலுக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள். இவர்கள் எல்லோரையும் தோற்றவர்கள் என்று கணக்கில் எழுதலாமா? தம்பி, நீங்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?

மதி, நீ இன்று எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: பட்டப் படிப்பு எது என்பது. பிஎச்.டி. செய்யலாமா என்ற கேள்வி உன்னிடம் வர இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. அப்போது நீ வேறு ஆளாக இருப்பாய். நாற்பது வயதுக் கவலையைப் பதினேழு வயதில் சுமக்காதே.

மார்க் பற்றிக் கேட்டாய். ஜான் கர்டன் என்ற உயிரியலாளர் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களில் கடைசி. விஞ்ஞானியாக வேண்டும் என்ற இவனது எண்ணம் நகைப்புக்குரியது என்று 1949-ல் ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு. அந்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

வெளியேறியவன் எழுதியது:

ஐயா, மின்சாரத் தேவையை முன்கூட்டிக் கணிக்கிற வேலை பார்க்கறேன். நல்ல வேலை. ஆனா அதுக்கு 11 வருஷம் சுத்தி வந்திருக்க வேண்டியதில்ல.

கர்டன் கதையில பாதியை விட்டுட்டீங்க. பள்ளி முடிச்சதும் தனி ஆசிரியர்கிட்ட உயிரியல் படிக்க அவர் பெற்றோரால செலவழிக்க முடிஞ்சது. எல்லா வீட்டுலயும் அது முடியுமா? இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-ல எழுதின ஆய்வுக்கு 2013-ல நோபல் வாங்கினார். அந்த வருஷம் அவரே என்ன சொன்னார்? இன்னிக்கு இருக்கற முறையில தனக்கு எந்தப் பல்கலைக்கழகத்துலயும் வேலை கிடைச்சிருக்காது, போதுமான அளவு ஆய்வுக் கட்டுரை போடாத ஆள்னு ஒதுக்கியிருப்பாங்கன்னு சொன்னார்.

தென்றல்_வாசகன் எழுதியது:

கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வு) எழுதினதுல ரெண்டு தடவை தோத்தவர். கணக்குல மட்டும் பாஸ். 1918-ல ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்குச்சு. மார்க்கைப் பார்த்துப் பயப்படாதேம்மா.

வெளியேறியவன் எழுதியது:

இது வரும்னு தெரியும். 1907-ல தோத்ததுக்கும் 1913-ல கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் போட்டதுக்கும் நடுவுல எத்தனை வருஷம்னு பாருங்க. அந்த வருஷங்கள்ல அவர் வறுமையில, நோட்டைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர் வீட்டு வாசலா ஏறி இறங்கினார். 1912-ல துறைமுகத்துல குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். மார்க் இல்லாததுனால அவர் கொடுத்த விலை அது. அவரை முன்மாதிரியா காட்டறவங்க அந்த ஆறு வருஷத்தையும் சேர்த்துக் காட்டணும்.

ஒரு_அம்மா எழுதியது:

நான் படிப்பு விஷயத்துல பெரிய ஆள் இல்ல. என் பையனும் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன்தான். மதி, உங்கப்பா சொல்றதைத் தப்பா எடுத்துக்காதேம்மா. மார்க் தெரியாம எந்தக் கல்லூரின்னு எப்படிப் பேச முடியும்? இடம் கிடைக்கறது மார்க்கை வச்சுத்தான்.

ஆனா மார்க்தான் நீன்னு நினைச்சுக்காதே. 2020-ல இங்கிலாந்துல கொரோனாவால தேர்வே நடக்கல. ஆசிரியர்கள் போட்ட மதிப்பீட்டை ஒரு கணினிக் கணக்குல போட்டு மாத்தினாங்க. பள்ளிக்கூடத்தோட பழைய ரிசல்ட்டையும் அந்தக் கணக்கு பார்த்துச்சு. கிட்டத்தட்ட 40 சதவீத மதிப்பீடு கீழ இறங்கிடுச்சு. ஆகஸ்ட் 13-ல ரிசல்ட். பிள்ளைங்க தெருவுல இறங்கினாங்க. நாலே நாள்ல, 17-ஆம் தேதி, ஆசிரியர் போட்டதையே வச்சுக்கலாம்னு அரசு பின்வாங்கிடுச்சு. அந்த நாலு நாள்ல ஒரு பிள்ளையோட மூளை சுருங்கி மறுபடி விரிஞ்சுதா என்ன? காகிதத்துல இருந்த எழுத்து மட்டும்தான் மாறுச்சு. இதை என் பையன்கிட்டயும் சொன்னேன்.

செல்_வளர்ப்பவள் எழுதியது:

நான் இப்போ உயிரியல் பிஎச்.டி. மூணாவது வருஷம். அதனால ரெண்டு பக்கமும் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு தோணுது.

லேப்ல நான் வளர்க்கற செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அது வளர்ற சத்துத் திரவத்தை மாத்தணும். ஒரு தடவை காய்ச்சலோட லேப்புக்குப் போனேன், தட்டைத் திறந்து பார்த்தா மூலையில வெள்ளையா பூஞ்சை. நாலு மாச வேலை. அப்படியே எடுத்துட்டுப் போய்க் கழிவுல போட்டேன். அழல. மறுநாள் காலையில போய்ப் புதுசா ஆரம்பிச்சேன். அப்போதான் இந்த வேலை எனக்கு ஒத்துவரும்னு தெரிஞ்சது. அது எந்தப் பரீட்சை மார்க்லயும் தெரிஞ்சிருக்காது.

ஆனா மறுநாள் போக முடிஞ்சதுக்குக் காரணம் என் கைடு, அதாவது பிஎச்.டி. வழிகாட்டி. "எனக்கும் ரெண்டு தடவை ஆகியிருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. பக்கத்து லேப்ல இதே மாதிரி நடந்த பையனை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டினாங்க. அவன் அந்த வருஷமே போயிட்டான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். 3.5 சதவீதம்னு சொல்றீங்களே, அதுல உள்ள போனவங்க யார், வெளிய வந்தவங்க யார்னு தீர்மானிக்கறதுல கைடுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால மதி, அந்தக் காலம் வரும்போது, ஒரு கைடுகிட்ட சேர்றதுக்கு முன்னாடி, அந்த லேபை விட்டுப் போனவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட பேசு. இப்ப இருக்கறவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. கைக்காசு போட்டு பிஎச்.டி. பண்ணாதே, உதவித்தொகை இருக்கற இடத்துக்குப் போ.

உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிக்கோ 1995-ல பல்கலைக்கழகத்துல பதவி இறக்கப்பட்டாங்க, ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கல. கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான அதே எம்.ஆர்.என்.ஏ. வேலைக்கு 2023-ல நோபல். நம்பிக்கை கொடுக்கறதுக்காக இதைச் சொல்லல. 1995-ல அவங்க விட்டுட்டுப் போயிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

வெளியேறியவன் எழுதியது:

செல்_வளர்ப்பவள் சொன்னதுல ஒரு எழுத்துகூட மறுக்க மாட்டேன். கைடு விஷயத்தை நான் சொல்லியிருக்கணும். எனக்கு நல்ல கைடு கிடைச்சார், அதனால அது கண்ணுல படல.

வாத்தியார் ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. நிரந்தரப் பதவியில இருக்கற நீங்க, "ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்"னு சொல்றது சுலபம். அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு உங்களை மாதிரி ஒருத்தர்கிட்டதான் போய்க் கேப்பா. அவரும் "பிஎச்.டி. முடி, அப்புறம் பார்த்துக்கலாம்"பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வாசல்லயும் அடுத்த வாசலைக் காட்டினாங்க. ஒருத்தராவது உட்கார வச்சு, "இத்தனை பேர்ல இத்தனை பேருக்குத்தான் இடம்"னு சொல்லல. எனக்கு வேலை கிடைக்காததைவிட அதுதான் இன்னமும் வலிக்குது.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

எனக்கு வேலை கிடைத்த ஆண்டில் எங்கள் துறையில் மூன்று இடம் காலி. விண்ணப்பித்தவர்கள் பதினொரு பேர். சென்ற முறை ஒரே ஓர் இடத்துக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவற்றில் பாதிப் பேராவது, அந்த வயதில் நான் இருந்ததைவிடச் சிறந்தவர்கள். என் மாணவர்களில் இருவர் உங்களைப் போலவே ஊர் ஊராகப் போய்விட்டு வெளியே வந்தார்கள். ஒருவர் இப்போதும் என்னோடு பேசுகிறார். மற்றவர் பேசுவதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அவரிடம் இந்த எண்களை நான் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஆகவே ஐந்து ஆண்டு கழித்துப் பார் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மதி, எண்களை இப்போதே தெரிந்துகொள். முதுகலையில் ஒரு தடவை, பிஎச்.டி. சேருமுன் ஒரு தடவை, முடிக்குமுன் ஒரு தடவை மறுபடி எடுத்துப் பார். உன் துறையில் கடைசியாக முடித்த பத்துப் பேர் எங்கே போனார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்குகிற துறையில் சேராதே.

ஆனால் கணிதத்தை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை ஒரு மூளைக்கு இருக்கும் பசி, வேலை முடிந்து வரும் மாலைப் பொழுதுகளில் இருக்காது. பட்டப் படிப்பைக் கணிதத்தில் படித்தவருக்கு வெளியே வழி அடைபடுவதில்லை. அதற்கு நீங்களே சாட்சி. இயற்பியலில் கற்ற கணக்குதானே இன்று மின்சாரத் தேவையைக் கணிக்கிறது?

வெளியேறியவன் எழுதியது:

அந்த மாணவர்கிட்ட ஒரு தடவை போன் பண்ணிப் பேசுங்க ஐயா.

பட்டப் படிப்பு கணிதத்துல படிக்கட்டும், சரி. அதை விட்டுக்கொடுக்கறேன். கூடவே புள்ளியியலும் நிரல் எழுதறதும் கத்துக்கட்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தேதியும் குறிச்சு வச்சுக்கணும். இத்தனை வயசுக்குள்ள நிரந்தரம் இல்லன்னா வெளிய வந்துடுவேன்னு இப்பவே எழுதி வைக்கணும். உள்ள இருக்கும்போது அந்தத் தேதியைக் குறிக்க முடியாது.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

புள்ளியியலும் நிரலும் சரி. தேதியைப் பதினேழில் குறிப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பிஎச்.டி. சேரும் அன்று குறிக்கட்டும்.

மதி, கேள்வித்தாளைத் தினம் கூட்டுவதை நிறுத்து. காத்திருக்கும் நாளுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1, 2, 3 என்று போகும் எண்களில், அடுத்தடுத்து வரும் இரண்டோ அதற்கு மேலோ எடுத்துக் கூட்டி ஓர் எண்ணைக் கொண்டுவர வேண்டும். 9 என்றால் 4+5. 6 என்றால் 1+2+3. 15-ஐ மூன்று விதமாகக் கொண்டுவரலாம்: 7+8, 4+5+6, 1+2+3+4+5. இப்போது 8-ஐக் கொண்டுவந்து பார். எந்த எண்கள் வரும், எவை வரவே வராது, ஏன் என்று கண்டுபிடி. இணையத்தில் தேடாதே. மார்க் கிடையாது. இரண்டு நாள் விடை வராமல் இருக்கும்போது உனக்கு எரிச்சல் வருகிறதா, இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றுகிறதா என்பதை மட்டும் கவனி.

மதி_07 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முழுக்க அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். 3.5 சதவீதம்ங்கற இடத்துல நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். கைடு பத்தி அக்கா எழுதினதையும் ரெண்டு தடவை கேட்டார். "கணிதமே எடு, ஆனா அந்தப் பத்துப் பேர் கேள்வியை நான் வந்து கேக்கறேன்"னு சொல்லிட்டார். வெளியேறியவன் அண்ணா, தேதியை இன்னும் குறிக்கல. ஆனா எதுக்குக் குறிக்கச் சொல்றீங்கன்னு புரிஞ்சது.

வாத்தியார் ஐயா, 8 வரல. 1, 2, 4-உம் வரல. 16 போட்டேன், வரல. கேள்வித்தாளோட பின்பக்கம் காலியா இருந்தது, அதுலதான் போட்டுப் பார்த்துட்டிருக்கேன். நேத்து ராத்திரி 32 வரைக்கும் போனேன், அதுவும் வரல. ஒற்றைப்படை எண்ணுக்கு 1-ஐத் தவிர எல்லாத்துக்கும் ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன், பாதியா உடைச்சா பக்கத்துப் பக்கத்து ரெண்டு எண் கிடைச்சுடுது. மத்தது ஏன் வரலன்னு இன்னும் பிடிபடல. இப்போ 64 பார்க்கப் போறேன்.

யாரும் விடையைச் சொல்லிடாதீங்க.